பதினொரு தடவை செத்த அமிர்தநாதர்

அமிர்தநாதர் மொத்தம் பதினொரு தடவை செத்தவர். ஐந்து தடவை துவக்குச் சூட்டில், மூன்று தடவை குதிரையிலிருந்து விழுந்து, ஒரு தடவை தூக்கில், ஒரு தடவை எரிகிற வைக்கோல் வண்டிக்குள், கடைசித் தடவை ஒரு மதுக்கடை வாசற்படியில் உருண்டு. ஒவ்வொரு சாவுக்கும் பிறகு எழும்பி, உடுப்பில் ஒட்டிய புழுதியைத் தட்டி, அங்கே கொடுக்கிற கோப்பியைக் குடித்துவிட்டு, மூன்று பஸ் மாறி ஸ்காபரோவில் இருந்த அறைக்கு வந்து, சோறு வடித்துச் சாப்பிட்டுப் படுத்தவர்.

ரொறன்ரோவில் நம்முடைய சனத்துக்குள் பெரிய ஆட்களுக்குக் குறைவில்லை. மார்க்கம் நகரில் மூன்று கார் நிற்கிற வீடு, மில்லிக்கனில் கடை, கழுத்துப்பட்டி கட்டின உத்தியோகம். நல்லது, இருக்கட்டும். ஓடுகிற குதிரையிலிருந்து, நெஞ்சில் குண்டு பட்டவன் போல, ஒரு எலும்பும் முறியாமல் விழுந்து காட்ட அவர்களில் யாருக்காவது ஏலுமா? ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடின அமிர்தநாதருக்கு ஏலுமாயிருந்தது. யாரும் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடவில்லை. தன் தொடையையும் தன் முதுகையும் நம்பி ஏறின மனிதர்.

அந்தப் பதினொரு சாவிலும் அவருக்குப் பயம் தெரியாது. பயத்தைக் காட்டியது ஒரு தாள். அவரே கேட்டு, அவரே வாங்கி, அவரே அனுப்பின தாள்.

அவர் பிறந்தது நெடுந்தீவு. அங்கே தெற்கு வெளியில் குதிரைகள் கட்டாக்காலியாகத் திரிவது எல்லோருக்கும் தெரியும். பறங்கியர் காலத்தில் விட்டுப் போனவை என்பார்கள். சொந்தக்காரன் இல்லாத அந்தக் குதிரைகளைக் கயிறெறிந்து பிடித்து, சேணமில்லாமல் ஏறி, கல்வேலி தாண்ட வைக்கிறதில் பதினாறு வயது அமிர்தநாதரை வெல்ல அந்தத் தீவில் ஆளில்லை. கள்ளுக்கடையில் பந்தயம் பிடிப்பார்கள். அவர் பந்தயத்துக்காக ஏறுவதில்லை. பார்க்கிறதற்கு ஆட்கள் நின்றால் ஏறுவார். வெறும் வெளியில், பார்க்க ஒருவரும் இல்லாவிட்டால், நடந்தே வீட்டுக்குப் போய்விடுவார். அந்தக் குணம்தான் பின்னுக்கு வினையாகப் போனது.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கியபோது மனைவி வேரோனிக்காவையும் பத்து வயது மகள் ஜெயமலரையும் விட்டுவிட்டு வெளிக்கிட்டார். எந்த நாட்டால் போய் எந்த நாட்டால் வந்தார் என்பதைச் சொன்னால் அதுவே தனிக் கதை. தொண்ணூற்றியிரண்டில் ரொறன்ரோ. முதல் வேலை ஒரு உணவகத்தில் சட்டி கழுவுவது. அங்கே பழக்கமான சண்முகநாதன், இவரைவிடப் பத்து வயது இளையவர், அளவெட்டிக்காரர், அஜக்ஸுக்கு அப்பால் ஒரு குதிரைப் பண்ணையில் லத்தி அள்ளுகிற வேலை இருக்கிறதென்று சொன்னார். "குதிரையோ?" என்று கேட்ட அமிர்தநாதர் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு அன்றைக்கே போய்விட்டார்.

அந்தப் பண்ணையில்தான் படக் கொம்பனிக்காரர் குதிரை வாடகைக்கு எடுப்பார்கள். அமெரிக்காக்காரருடைய கௌபோய்ப் படங்கள், தொலைக்காட்சித் தொடர்கள். கதை நடப்பது டெக்ஸாஸ், படம் பிடிப்பது ஒன்ராறியோச் சோளக்காட்டில். தொண்ணூற்றிமூன்று வைகாசியில் ஒருநாள், வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஒரு கபிலநிறக் குதிரை சவாரிக்காரனைத் தூக்கி எறிந்துவிட்டு வேலியை நோக்கிப் பாய்ந்தது. லத்தி வண்டியோடு நின்ற அமிர்தநாதர் அள்ளுகிற சவளைப் போட்டுவிட்டுக் குறுக்கே ஓடினார். பிடரியைப் பிடித்துத் தாவி, வெறும் முதுகில் ஏறி, நெடுந்தீவில் போடுகிற சத்தம் ஒன்றைப் போட்டார். குதிரை இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அறுபது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அறுபது பேர்!

படத்துக்கு ஆட்களைப் பொறுக்குகிற ஷெரில் என்ற வெள்ளைக்காரப் பெண் ஓடி வந்தாள். கையில் அட்டை. அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "நீ இந்தியனா?" என்று கேட்டாள்.

"நோ. சிறிலங்கன்," என்றார் அமிர்தநாதர், நெஞ்சை நிமிர்த்தி.

அவளுடைய முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்குப் பண்ணைக்கு வந்து பக்கத்தில் நின்ற சண்முகநாதன் தலையில் கை வைத்தார்.

"அண்ணை, ஓம் எண்டு சொல்லுங்கோ!"

"நானேன் இந்தியன் எண்டு சொல்லோணும்? எண்பத்தேழிலை இந்தியன் ஆமி அடிச்ச அடி இன்னும் முதுகிலை நோகுது."

"ஐயோ, அந்த இந்தியன் இல்லையண்ணை. அவள் கேக்கிறது இந்த நாட்டுப் பழஞ்சனத்தை. செவ்விந்தியன். குதிரையிலை வந்து அம்பு விடுறவங்கள். படத்துக்கு அவங்கள்தான் வேணுமாம்."

அமிர்தநாதர் அரை நிமிடம் யோசித்தார். பிறகு ஷெரிலைப் பார்த்து, "யேஸ். இந்தியன்," என்றார். மூன்றாம் நாள் தலையில் பொய்ச் சடையோடு செத்தார்.

அவரோடு ஏறின பதினைந்து பேரில் உண்மையான பழங்குடி மனிதர் ஒருவர்தான், ரேமண்ட் என்று பெயர். சாப்பாட்டு நேரம் இவருக்குப் பக்கத்தில் இருந்து, எந்த ஊர் என்று விசாரித்தார். இவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடிய, ரேமண்ட் வாயில் இருந்த பாண் வெளியே வரச் சிரித்தார். "நீயும் இந்தியன் இல்லை, நானும் இந்தியன் இல்லை. ஆனால் இரண்டுபேரும் பின்னேரம் நாலு மணிக்குச் சாகப் போறோம்," என்றார்.

இரண்டு வருடத்தில் அமிர்தநாதருக்குப் பதவி உயர்வு. மீசையை அடர்த்தியாக வளர்த்து, கன்னத்தில் குறுந்தாடி விட்டதும், ஷெரில் அவரை மெக்சிக்கோக் கொள்ளைக்காரன் ஆக்கிவிட்டாள். தொப்பி, இரண்டு துவக்கு, தோலில் செய்த இடுப்புப் பட்டி. தொலைபேசியில் இதையெல்லாம் வேரோனிக்காவுக்குச் சொல்லுவார். அவரும் மகளும் தொண்ணூற்றைந்தில் தீவைவிட்டுக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் கமலாம்பிகை என்ற அம்மாவின் வீட்டில் ஒரு அறை எடுத்து, கனடா விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பொன்சர் பத்திரம் எல்லாம் போட்டாயிற்று. நேர்முகமும், பொலிசிடம் வாங்குகிற நற்சான்றுப் பத்திரமும் மட்டும் மிச்சம்.

"இண்டைக்கும் செத்தனப்பா. நெஞ்சிலை சிவப்புச் சாயப் பை வைச்சுக் கட்டி, படாரெண்டு வெடிக்க வைக்கிறாங்கள். ரத்தம் மாதிரியே பாயும்."

"வாயாலை சொல்லாதையுங்கோ," என்பார் வேரோனிக்கா. "செத்தன், செத்தன் எண்டு. ஆரும் கேட்டுக்கொண்டு நிப்பினம்."

"ஆர் கேக்கிறது?"

"எனக்குத் தெரியாது. சொல்லாதையுங்கோ."

அவர் சிரிப்பார். மனைவியின் குரலில் இருந்தது வெறும் மூடநம்பிக்கை என்றே நினைத்தார். கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண் எப்போதும் கதவுப்பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டு பேசுகிறாள் என்பது, ஒன்ராறியோச் சோளக்காட்டில் நின்ற மனிதருக்குத் தெரியவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், பதினோராவது சாவுக்கு முன், அந்தத் தாள் பிறந்தது. கதைப்படி ஷெரிப் ஒரு கொள்ளைக்காரனைத் தேடி ஊர் முழுக்க அறிவித்தல் ஒட்டுகிறார். கொள்ளைக்காரன் அமிர்தநாதர். பொருட்கள் செய்கிற ஒரு தாடிக்காரர் இவரை ஒரு வெள்ளைச் சுவரோடு நிற்பாட்டி, கோபமாகப் பார் என்றார். அமிர்தநாதருக்கு நடிக்கத் தேவைப்படவில்லை. குறிகட்டுவான் துறையில் தன் அடையாள அட்டையைக் கடலுக்குள் வீசின நேவிக்காரனின் முகத்தை நினைத்தார். படம் எடுத்தாயிற்று.

தாளில் மேலே பெரிய எழுத்தில் "தேடப்படுகிறார்", நடுவில் படம், கீழே "உயிருடனோ பிணமாகவோ", இரண்டாயிரம் டொலர் சன்மானம். எல்லாம் ஆங்கிலத்தில். படத்துக்குக் கீழே ஏதோ ஒரு மெக்சிக்கோப் பெயர் அச்சடிக்க இருந்தது. அங்கேதான் அமிர்தநாதர் கை நீட்டித் தடுத்தார்.

"மை நேம். புட் மை நேம்."

தாடிக்காரர் தோளைக் குலுக்கினார். கமராவுக்கு அந்தச் சின்ன எழுத்து தெரியப்போவதில்லை. எழுத்து எழுத்தாகக் கேட்டு அச்சடித்தார். அமிர்தநாதர். அதுவரை செத்த பத்துச் சாவிலும் எந்தப் படத்தின் கடைசியிலும் இவருடைய பெயர் ஓடினதில்லை. நாலாவது இந்தியன், மூன்றாவது கொள்ளைக்காரன், இப்படித்தான் பதிவு. முதல் தடவையாகப் பெயர் அச்சில் வந்தது. ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடிமேல் விரித்து வைத்துக்கொண்டு வந்தார். எதிரே இருந்த ஒரு கிழவி தாளைப் பார்த்து, அவருடைய முகத்தைப் பார்த்து, எழும்பிப் போய் வேறு இடத்தில் இருந்தாள். அமிர்தநாதருக்குப் பெரிய சந்தோசம்.

கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு, தெரிந்த ஒருவர் கொழும்புக்குப் போனார். அவரிடம் சொக்கிலேற், மகளுக்கு ஒரு சுவெற்றர், நத்தார் வாழ்த்து, அதற்குள் நாலாக மடித்த தாள். அவரோடு ஒன்றாகக் குடியிருந்த சண்முகநாதன் பார்த்துவிட்டார்.

"அண்ணை, உதை அனுப்பாதையுங்கோ."

"ஏன்?"

"அங்கை செக்கிங். எழுத்தைக் கண்டாலே கேள்வி கேப்பாங்கள். உது தேடப்படுற ஆள் எண்டு கிடக்கு."

"உது கௌபோய்த் தாள் எண்டு பால்குடிக்கும் தெரியும். எரிச்சல் படாதை. உன்ரை படத்தை ஆர் அடிக்கப் போறாங்கள்?"

சண்முகநாதன் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அமிர்தநாதர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் தமிழில் எழுதினார். எழுத்துப் பிழையோடுதான், ஆனால் அழகான கையெழுத்து.

"வேரோனிக்கா, பாரும் உம்முடைய புருசனை. இஞ்சை முழு நாடும் என்னைத் தேடுது. என்ரை தலைக்கு விலை போட்டிருக்கிறாங்கள். பயப்பிடாதையும், பிடிபட மாட்டன். இன்னும் இரண்டு பேரைச் சுட வேண்டிக் கிடக்கு. அந்த வேலை முடிய உங்கள் இரண்டு பேரையும் கூப்பிடுவன்."

வசந்த காலத்தில் ஷெரில் இரண்டு காட்சி தருவதாகச் சொல்லியிருந்தாள். அதைத்தான் எழுதினார். எழுதிவிட்டுத் தானே வாசித்து, தானே சிரித்தார்.

நத்தார் தினத்தன்று தாள் போய்ச் சேர்ந்தது. வேரோனிக்கா பின்பக்கத்தை ஒரு தடவைதான் வாசித்தார். மகளிடம் கொடுத்து, "குசினியிலை கொண்டுபோய் எரி," என்றார். ஜெயமலருக்குப் பதினைந்து வயது. தகப்பனைப் பார்த்து ஐந்து வருடம். அவளிடம் இருந்தது ஒரு பாஸ்போட் படம், அதுவும் அரைப்பக்கம் மங்கினது. குசினிக்குப் போனாள். வேறு கடதாசியை எரித்தாள். தாளைத் தன் உடுப்புப் பெட்டியில், சுவெற்றருக்குள் வைத்துச் சுற்றினாள்.

தை கடைசியில் கொழும்பின் நடுவில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் தமிழர் இருந்த வீடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார்கள்.

மாசி இருபத்தேழு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. ரொறன்ரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அமிர்தநாதர் மீசைக்கு எண்ணெய் பூசிக்கொண்டு நின்றபோது ரெலிபோன் அடித்தது. கமலாம்பிகை அம்மா. கொழும்பிலே இரவு எட்டரை.

"தம்பி, உங்கடை மனுசியையும் பிள்ளையையும் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்."

"ஆர்?"

"பொலிஸ். பின்னேரம் வந்தவங்கள். எல்லா அறையும் பாத்தவங்கள். பிள்ளையின்ரை பெட்டிக்குள்ளை ஏதோ தாள் இருந்ததாம். உங்கடை படமாம். தம்பி, நீங்கள் அங்கை என்ன வேலை பாக்கிறனீங்கள்?"

எண்ணெய்ப் போத்தல் கையிலிருந்து வழுகித் தரையில் உருண்டது.

"தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தன் வந்து, பின்பக்கத்தைச் சிங்களத்திலை சொன்னவன்," என்றார் அந்த அம்மா. "இரண்டு பேரைச் சுட வேண்டிக் கிடக்கெண்டு எழுதியிருக்காம். அது வாசிச்ச உடனை அவங்கடை முகம் மாறிப் போச்சு. உங்கடை மனுசியின்ரை அடையாள அட்டையிலையும் அதே பேர்தானே, தம்பி. வேரோனிக்கா அமிர்தநாதர். இது அந்தாள் இல்லையெண்டு சொல்ல வழியில்லாமல் போச்சு."

பெயர். அவர் கை நீட்டித் தடுத்து, எழுத்து எழுத்தாகச் சொல்லிப் போட வைத்த பெயர்.

சண்முகநாதன் வேலைக்குப் போகவில்லை. இரண்டு பேரும் மேசையில் இருந்த கடதாசி எல்லாவற்றையும் கொட்டினார்கள். படத் தொழில் செய்கிறவர் என்று நிரூபிக்க ஏதாவது வேண்டும். கொம்பனி கார்த்திகையோடு பெட்டி கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டது. இலக்கத்துக்கு அடித்தால் அப்படியொரு இலக்கம் இல்லை என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. ஷெரிலும் ஊரில் இல்லை. எஞ்சினது சம்பளத் துண்டுகள். வேலை என்ற இடத்தில் எல்லாவற்றிலும் ஒரே சொல்: பாக்ரவுண்ட்.

"பாக்ரவுண்ட் எண்டா பின்னுக்கு நிக்கிறவன்," என்றார் சண்முகநாதன். "ஆனா உதைக் கொண்டு போய்க் காட்டினா, இவன்ரை பாக்ரவுண்ட் என்ன எண்டுதான் அவன் கேப்பான்."

இருவரும் சிரிக்கவில்லை.

மர்சூக் என்பவர் அவர்களுடைய கட்டிடத்துக்குக் கீழே வீடியோக் கடை வைத்திருந்தார். கொழும்புக்காரர். அவரிடம் போய் அமிர்தநாதர் நின்ற நிலையைப் பார்த்து, மர்சூக் கடைக் கதவில் பூட்டைப் போட்டார். முழுக்கக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

"அங்க எங்கட மச்சான் ரிம்ஸான் இரிக்கான். துணிக்கடை. சிங்களம் தண்ணி மாதிரிப் பேசுவான், பொலிசுல நாலு பேரைத் தெரியும். ஆனா வெறுங்கையோட போக ஏலாது. நீங்க நடிச்ச படம் காட்டோணும். அவனுகளுக்கு மொகம் தெரியோணும்."

"முகம் தெரியுந்தானே, மர்சூக் நானா. பதினொரு தரம் செத்திருக்கிறன்."

ரீவியில் போன எல்லாவற்றையும் மர்சூக் பதிந்து வைத்திருந்தார். பின்னறையில், அரிசி மூட்டைக்கு மேல் வைத்த ரீவியில், அடுத்த நாள் காலையிலிருந்து அமிர்தநாதர் தன் சாவுகளைப் பார்க்கத் தொடங்கினார். முதலாவது: பொய்ச் சடை முகத்தை மூடியிருந்தது. இரண்டாவது: புழுதி. மூன்றாவது: கதாநாயகனின் தோளுக்குப் பின்னால் ஒரு தொப்பி சரிந்தது, அவ்வளவுதான். தூக்கில் தொங்கினதில் முகத்தில் சாக்கு. எரிகிற வண்டிக்குள் இருந்தது யாரென்று தெய்வத்துக்குத்தான் வெளிச்சம். மூன்று வருடம் குதிரையிலிருந்து விழுந்த மனிதரை அந்தப் படங்களில் ஒருவரும் பார்த்திருக்க முடியாது. வேரோனிக்காவிடம் தொலைபேசியில் அளந்ததெல்லாம், முழுக் கனடாவும் தன்னைப் பார்க்கிறதென்று சொன்னதெல்லாம், ஒரு தொப்பியும் கொஞ்சப் புழுதியும்.

"அண்ணை, இது நீங்களோ?" என்று சண்முகநாதன் ஒவ்வொரு தடவையும் கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

ஏழாவதில் மர்சூக் கையைத் தூக்கினார். நிறுத்தினார். திருப்பி ஓடவிட்டார்.

ஏழாவது சாவில் அமிர்தநாதர் குப்புற விழ வேண்டும் என்பதுதான் உத்தரவு. விழுந்தார். விழுந்த பிறகு, இவ்வளவு அருகில் கமரா நிற்கிறதே என்று, மெல்ல மல்லாக்கத் திரும்பி, கண்ணைத் திறந்தபடி செத்தார். அன்றைக்கு ஷெரில் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. ஆனால் வெளிச்சம் போய்விட்டதாலே திரும்ப எடுக்கவில்லை, அப்படியே விட்டார்கள். இரண்டு விநாடி. முழு முகம். மீசை, தாடி, கன்னத்து மச்சம்.

பதினோராவது படத்தில் ஷெரிப் அந்தத் தாளைச் சுவரில் அடிக்கிறதும் இருந்தது. பெயர் தெரியவில்லை, ஆனால் படம் தெரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் மர்சூக். "ஆனா இந்தக் கசெட் அங்கத்த மெசின்ல ஓடாது. மாத்திப் பதியோணும். இல்லாட்டிக் கறுப்பு வெள்ளையா கோடு கோடாத்தான் வரும். அவன் தூக்கி எறிஞ்சிருவான்."

வெள்ளிக்கிழமை ஒரு விமானப் பயணியின் கைப்பையில் கசெட் போனது. திங்கட்கிழமை ரிம்ஸான் வாங்கிவிட்டார். செவ்வாய் காலை பத்து மணிக்கு ரெலிபோன் அடிக்கவில்லை. புதனும் இல்லை. வியாழன் காலை அடித்தது.

"போனேன்," என்றார் ரிம்ஸான். "ஸ்டேசன் பெரியவர் பாக்கமாட்டாராம். கிரிக்கெட் நடக்குது. உலகக் கோப்பை. ஸ்டேசன்ல ரீவி, டெக் எல்லாம் அதுக்குத்தான் கொண்டாந்து வெச்சிருக்கான். மெட்ச் முடியட்டும் எண்டான்."

"வேரோனிக்காவைக் கண்டீங்களோ?"



"சனிக்கிழமை எங்கட ஆக்கள் வெளையாடுறாங்க. வெண்டா நல்லம்," என்றார் ரிம்ஸான். "தோத்தா... நீங்க தொழுங்க. உங்கட முறையில தொழுங்க."

இலங்கைக் கிரிக்கெட் அணி வெல்ல வேண்டும் என்று வாழ்நாளில் முதல் தடவையாக அமிர்தநாதர் முழந்தாளில் நின்றார். அந்தச் சனிக்கிழமை சண்முகநாதன் சமைத்த சோறு அடுப்பிலேயே கிடந்து காய்ந்தது. அமிர்தநாதர் ரெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். ஒரு தடவை எழும்பிக் கண்ணாடிக்கு முன் போய் நின்று, மல்லாக்கத் திரும்பின அந்த முகத்தை, கண் திறந்தபடி செத்த அந்த முகத்தைச் செய்து பார்த்தார். சண்முகநாதன் கதவில் நின்று கண்டுவிட்டு, "அண்ணை, வேண்டாம்," என்றார்.

வென்றார்கள். இதுவும் எங்கள் தலைவிதி. யாரோ எங்கேயோ அடித்த ஓட்டத்தில் எங்களுடைய இரண்டு பெண்பிள்ளைகளின் உயிர்.

ஞாயிறு காலை ரிம்ஸான் பேசினார். பெரியவர் நல்ல குஷியில் இருந்தாராம். எல்லாப் பொலிஸ்காரரையும் கூப்பிட்டுக் கசெட்டைப் போட்டாராம். தாளைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ரீவியைப் பார்த்தாராம். பிறகு ஒரு சிரிப்பு வெடித்ததாம், ஸ்டேசன் முழுக்க. திருப்பிப் போடு, திருப்பிப் போடு என்று ஐந்தாறு தடவை போட்டார்களாம். அதற்குள் வேரோனிக்காவையும் ஜெயமலரையும் வெளியே கொண்டுவந்து ரீவிக்கு முன்னால் நிற்பாட்டி, இது யார் என்று கேட்டார்களாம்.

"பிள்ள சொல்லிச்சு, எங்கட வாப்பா எண்டு. அப்பா எண்டு. திரும்பவும் போட்டான். திரும்பவும் சாகிறத்தைக் காட்டினான். பிள்ள பாத்துக்கிட்டே நிண்டிச்சு. அழல்ல. விட்டுட்டாங்க. இப்ப எங்கட வீட்டுல இரிக்காங்க."

பன்னிரண்டு நாள். வேரோனிக்கா தொலைபேசியில் வந்தார். அமிர்தநாதர் அழுதார், தன் பேரைச் சொல்லித் தன்னையே திட்டினார். வேரோனிக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கண்ணை மூடிக்கொண்டு செத்திருக்கலாம் நீங்கள்," என்றார். மகள் ரெலிபோனுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் வரவேயில்லை.

வைகாசியில் ஷெரில் அடித்தாள். புதுப் படம். இந்தமுறை செத்துவிட்டுப் போகிற வேலையில்லை. பேசுகிற பாத்திரம், ஒரு வசனம், கடைசியில் பெயரும் ஓடும். மூன்று வருடம் அவர் காத்திருந்த செய்தி. ரெலிபோனை எடுத்தது சண்முகநாதன். ரெலிபோனின் வாயைப் பொத்திக்கொண்டு, விசயத்தைச் சொல்லி, "என்னண்ணை சொல்ல?" என்று கேட்டார்.

அமிர்தநாதர் கழுவுதொட்டிக்கு முன்னால் நின்றார். ஒரு கையில் சவரக்கத்தி. மீசையில் பாதி போயிருந்தது.

"அந்தாள் செத்துப்போச்சு எண்டு சொல்லு."

"அண்ணை, பேர் போடுறாங்களாம்."

"அதுக்காகத்தான் சொல்லு."

அடுத்த வருடம் ஆவணியில் வேரோனிக்காவும் ஜெயமலரும் வந்து இறங்கினார்கள். பொலிஸ் பத்திரத்துக்கு ரிம்ஸான் எத்தனை தடவை அந்த வாசலில் ஏறி இறங்கினார் என்பது அவருக்குத்தான் தெரியும். விமான நிலையத்தில், மழித்த முகத்தோடு, புதிதாகச் சேர்ந்த பேக்கரியின் வேலை உடுப்போடு நின்ற அமிர்தநாதரைக் கடந்து வேரோனிக்கா நாலு அடி போய்விட்டார். அடையாளம் தெரியவில்லை. ஜெயமலர் நின்றாள். பதினேழு வயது, தகப்பன் அளவு உயரம். கன்னத்து மச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை," என்றார் அவர். "எல்லாம் முடிஞ்சுது. இனி ஒண்டும் இல்லை."

"முடியேல்லை அப்பா."

"என்ன முடியேல்லை?"

"அந்தத் தாளைத் திருப்பித் தரேல்லை. ஸ்டேசன் சுவரிலை ஒட்டியிருக்கிறாங்கள், தேடப்படுற மற்ற ஆக்களின்ரை படங்களோடை. ரிம்ஸான் அங்கிள் போன மாசமும் கண்டவர். அண்டைக்குச் சிரிச்ச பெரியவர் வேறை ஸ்டேசனுக்கு மாறிப் போட்டார். பழைய ஆக்கள் எல்லாரும் மாறிப் போட்டினம்." அவள் பெட்டியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள். "புதுசா வாறவனுக்கு அது பகிடி எண்டு ஆர் சொல்லுறது?"

அமிர்தநாதரின் கை, ஊரில் இருந்த காலத்துப் பழக்கத்தில், மீசை இருந்த இடத்துக்குப் போய், ஒன்றும் அகப்படாமல் திரும்பி வந்தது. நாலடி தள்ளி நின்ற வேரோனிக்கா அப்போதுதான் அந்தக் கையை அடையாளம் கண்டு திரும்பினார்.